மழை வேற, நாய் அதே நாய்

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவனுக்கு இருக்கிற தைரியம், முழுசாகத் தெரிந்தவனுக்கு வராது. இருபத்திரண்டு வயதில் என்னிடம் அந்தத் தைரியம் மூட்டை மூட்டையாக இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில், மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி வந்த இரண்டு பேர் முன்னால் அது ஒரே நாளில் கரைந்துபோன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊரில் ராக் இசை ரசிகர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவன் நான், ஏகாம்பரம், பட்டு ஜவுளிக் கடை ஒன்றில் டைப்பிஸ்ட். இன்னொருவன் என் நண்பன் தயாளன், ரேடியோ மெக்கானிக். நாங்கள் உயிரை விட்டது சீமையிலிருந்த ஒரு ராக் குழுவின் மேல். (பெயர் வேண்டாம். அதன் ரசிகர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள்.) அவர்கள் வாசித்தால் கிடாரும் ஆர்கனும் எங்கெங்கோ கிளம்பிப் போகும், கண்ணை மூடினால் கலர் கலராகத் தெரியும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். சிற்றலை வானொலியின் கொரகொரப்புக்கு நடுவே இரண்டே முறை கேட்டிருந்தோம். கலர் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பைத்தியம் பிடித்துவிட்டது.

அப்போது கோயில் பார்க்க வந்த தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர், பாட மறுத்த தன் டிரான்சிஸ்டரைத் தயாளனிடம் கொண்டுவந்தார். அவன் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றான். அவர் நெகிழ்ந்துபோய்ப் பையிலிருந்து ஒரு ஸ்பூல் டேப்பை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் எங்கள் குழுவின் பெயர். கீழே 'மேடைக் கச்சேரி, முதல் நாள் இரவு' என்று ஆங்கிலத்தில் பேனாவால் எழுதியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டேப் வந்தது, மெஷின் வேண்டுமே. கட்சிக் கூட்டப் பேச்சுகளைப் பதிவுசெய்யும் மைக் செட்காரர் ஒருவர், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன டேப் ரெக்கார்டர் தயாளன் கடையில் கிடந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை. அதை ஒரு ஓரமாகத் தள்ளி, நகராதபடி யாரோ ஒரு தார்க்குச்சியைச் செருகியிருந்தார்கள். (தறியில் ஊடை நூல் சுற்றுகிற குச்சி. எங்கள் ஊரில் ஆடுகிற ஜன்னல், ஆடுகிற கட்டில் கால், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.) தயாளன் வால்வு ரேடியோவில் புலி. டேப் ரெக்கார்டரில் அவன் கை வைத்தது அதுவே முதல் தடவை. இருக்கிறபடி இருக்கட்டும் என்று குச்சியைத் தொடாமல் மோட்டாரை மட்டும் சரிசெய்தான்.

முதல் முறை கேட்ட சாயங்காலம் மறக்காது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த குரல், ஒவ்வொரு சொல்லையும் பிரிய மனமில்லாமல் இழுத்து இழுத்துப் பாடியது. டிரம் ஒரு அடி விழுந்தால் அடுத்த அடி விழுவதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். நாங்கள் மெய்மறந்து உட்கார்ந்திருந்தோம். கடைக்குப் பின்னால்தான் வீடு. தயாளனின் தங்கை கோமளா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணா இது? பாடறானா, பல்லு வலியில அழுதுக்கினு இருக்கிறானா?"

"உனக்கு என்னா தெரியும், உள்ள போ" என்றான் தயாளன்.

"மெஷின் மெதுவா ஓடுதுபா. ரேடியோவுல இப்படியா கேட்டீங்க?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நான் ஒரு பிரசங்கமே செய்தேன். ரேடியோவில் அவசரம், மேடையில் சாவகாசம். நம் கோயில் புறப்பாட்டில் நாயனக்காரர் ஒரே ராகத்தைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பதில்லையா? பெரிய வித்வான்கள் எந்த ஊரானாலும் அப்படித்தான். கோமளா முழுக்கக் கேட்டுவிட்டு, "நாயனக்காரரு இப்படி அழ மாட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். (அவள் என்னை ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. தயாளன் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.)

ஒரு வருடம் தினமும் அந்த ஒரே டேப்பைக் கேட்டோம். பாட்டுக்குப் பாட்டு 'ஹோ'வென்று மழை கொட்டியது. திறந்தவெளிக் கச்சேரி, பாவம், நனைந்துகொண்டே வாசித்திருக்கிறார்கள் என்று நாங்களே முடிவுகட்டினோம். பெரிய பாட்டின் நடுவில் கிடார் அடங்கி ஆர்கன் மட்டும் முனகுகிற இடத்தில் ஒரு நாய் இரண்டு தரம் குரைக்கும். சற்றுப் பொறுத்து டிரம்மரின் குச்சி வழுக்கி ஓரத்தில் உரசும். ஒரு வருடத்தில் அந்த நாய் எங்கள் வீட்டு நாய் மாதிரி ஆகிவிட்டது.

ஒரே டேப்பை எத்தனை நாள் கேட்பது? மெட்ராஸில் இதே குழுவின் கச்சேரிப் பதிவுகளைச் சேர்த்துக் கேட்கிற ரசிகர் சங்கம் ஒன்று இருப்பதாக ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் பார்த்தேன். உறுப்பினருக்கு மாதம் ஒரு டேப் தபாலில் வரும். சந்தா கிடையாது. விஷயம் தெரிந்த ஆள் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். அந்தச் சங்கத்தில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்பது என் வாழ்க்கை லட்சியமாயிற்று.

ஜவுளிக் கடையின் டைப்ரைட்டரில், கடையின் லெட்டர் பேப்பரிலேயே கடிதம் அடித்தேன். மேலே காமாட்சி அம்மன் படம், 'அசல் ஜரிகைப் பட்டுச் சேலைகள் கிடைக்கும்' என்ற வரி, அதற்குக் கீழே ராக் இசை விமர்சனம். சங்கத் தலைவர் வின்சென்ட், செயலாளர் ஸ்ரீதர் இருவரும் பதில் போட்டார்கள். முதல் நாள் கச்சேரியில் அந்தப் பெரிய பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடுவதாக எழுதியிருந்தார்கள். நான் விடுவேனா? 'உங்களிடம் இருப்பது யாரோ வெட்டிக் குறைத்த பிரதி. என்னிடம் இருப்பதில் அது இருபத்துநாலு நிமிடம் ஓடுகிறது. அன்றைக்குப் பெய்த மழையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, நாய் குரைப்பதையாவது கேட்டிருக்கிறீர்களா?' என்று கேட்டேன். 'இசையை அவசரமாகக் கேட்பவர்களிடம் எனக்கு அனுதாபம்தான் உண்டு' என்று முடித்தேன். (இந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.)

இப்படி நாலைந்து கடிதங்கள் போனபின் ஒரு தந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேட்கிறோம் என்று.

லெட்டர் பேப்பரைப் பார்த்து என்னைப் பெரிய பட்டு முதலாளி என்று நினைத்துவிட்டார்கள் போல. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடத்திக் கூட்டிவந்து, ரேடியோ எலும்புக்கூடுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வின்சென்டுக்குத் தோள்வரை முடி, தெருவைக் கூட்டுகிற பெல்பாட்டம். ஸ்ரீதர் கண்ணாடி போட்டவர், எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதினார். கோமளா மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியைக் கொண்டுவந்து வைத்தாள். "இதுக்கே வரலாம்பா" என்றார் வின்சென்ட். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

தயாளன் மெஷினை ஓடவிட்டான். கிணற்றுக் குரல் கிளம்பியது. நான் கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் ஸ்ரீதர் நோட்டை மூடிவிட்டிருந்தார். வின்சென்ட் பாதி இட்லியோடு எழுந்து மெஷினைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் குனிந்தார்.

"பாஸ், இது என்னா குச்சி?"

"அது சும்மா, ஆடாம இருக்க" என்றான் தயாளன்.

வின்சென்ட் குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விசையை மறு ஓரத்துக்குத் தள்ளினார். அவ்வளவுதான். கடைக்குள் பத்து எலிகள் ஒன்றாகக் கத்துகிற மாதிரி இருந்தது.

"ஐயோ, நிறுத்துங்க சார்! மெஷின் கெட்டுப்போச்சு!" என்று அலறினேன்.

"கெடலைபா. இப்பத்தான் ஒழுங்கா ஓடுது. இத்தினி நாளா பாதி ஸ்பீடுல கேட்டுக்கினு இருந்திருக்கீங்க. மீட்டிங் பேச்சு ரெக்கார்டு பண்றவங்க டேப் மிச்சமாவறதுக்கு ஸ்லோவுல வைப்பாங்க. இது நாங்க எல்லாரும் வச்சிருக்கிற அதே ஃபர்ஸ்ட் நைட் டேப்."

"அப்போ மழை?" என்றேன்.

"கைதட்டறாங்க பாஸ்."

"நாயி?"

வின்சென்ட் டேப்பை ஓட்டி அந்த இடத்தில் நிறுத்தினார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் இரண்டு தரம் இருமினான்.

ஸ்ரீதர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று சட்னியில் விழுந்தது. "இசையை அவசரமாகக் கேட்பவர்களிடம் எனக்கு அனுதாபம்தான் உண்டு" என்று என் வரியை அப்படியே மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தயாளன் ஒரு ரேடியோவின் பின்பக்கத்துக்குள் தலையை விட்டுக்கொண்டான். கோமளா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அது அதைவிட மோசமாக இருந்தது. சங்கமும் போயிற்று, மாதம் ஒரு டேப்பும் போயிற்று என்று வாசல் பக்கம் நகர்ந்து நின்றேன்.

வின்சென்ட் நல்ல மனுஷர். எனக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று பையிலிருந்து வேறொரு டேப்பை எடுத்தார்.

"சரி விடுங்க பாஸ். இதைக் கேளுங்க. இரண்டாம் நாள் கச்சேரி. இந்தியாவுல இது ஒண்ணுதான் இருக்குது. பெங்களூர்க்காரரு ஒருத்தரு கேட்டுப் பாக்கக் குடுத்திருக்காரு. நாளைக்கு எங்க சங்கத்து டேப் எட்டையும் குடுத்துட்டு இதை வாங்கிக்கப் போறோம்."

ஓடவிட்டார். வேறு அறிவிப்பு, வேறு கைதட்டல். எலிகள் பாடின. நான் பாதி காதோடு கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய பாட்டு வந்து கிடார் அடங்குகிற இடத்தில் என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

"சார், இது முதல் நாள் கச்சேரிதான்."

"பாஸ், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் ஸ்ரீதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"இல்ல சார். முன்னாடியும் பின்னாடியும் மாத்தி ஒட்டியிருக்காங்க. நடுவுல அதே வாசிப்புதான்."

"ஸ்பீடே தெரியாத ஆளு நைட்டைக் கண்டுபிடிக்கிறாரு" என்று ஸ்ரீதர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். என்ன சொல்லி நிரூபிப்பது? அப்போது கோமளா குனிந்து, மேஜைக்கடியில் கிடந்த தார்க்குச்சியை எடுத்துத் தயாளனிடம் நீட்டினாள்.

"செருகுண்ணா. அவருக்குத் தெரிஞ்ச ஸ்பீடுல போட்டுத்தான் பாருங்களேன். என்னா கெட்டுப்போயிடும்?"

தயாளன் டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, விசையைத் தள்ளிக் குச்சியைச் செருகினான். கிணற்றுக் குரல் திரும்பி வந்தது. என் உயிரும் கூடவே திரும்பி வந்தது. இது என் ஊர், என் வேகம்.

"இப்ப கிடார் அடங்கும்" என்றேன். அடங்கியது.

"ஆர்கன் மூணு தரம் மூச்சு விடும். ஒண்ணு... ரெண்டு... மூணு. இப்ப நாய் குரைக்கும் பாருங்க, ரெண்டு தரம்."

'வ்வ்வோவ்... வ்வ்வோவ்' என்றது நாய்.

ஸ்ரீதரின் சிரிப்பு நின்றது.

"இருங்க, டிரம்மரு குச்சி வழுக்கப்போவுது. இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்போ." 'டக்... க்ர்ர்ர்' என்று குச்சி வழுக்கியது.

வின்சென்ட் என் டேப்பை மாட்டி அதே இடத்தை அதே வேகத்தில் கேட்டார். மறுபடி அந்த டேப்பை மாட்டினார். நாலு தரம் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பாட்டு முடிந்து ஆரவாரம் எழுந்தது மட்டும் இரண்டிலும் வேறுவேறாக இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"மழை வேற சார். நாய் அதே நாய்."

வின்சென்ட் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நாளைக்கு எட்டு டேப்பையும் தூக்கிக் குடுத்துட்டு வாயைப் பொளந்துக்கினு நின்னிருப்போம்பா! நாங்க ஆயிரம் தரம் கேட்டோம். ஒருத்தன் காதுலயும் விழலையே!"

விழாது. அவர்கள் சரியான வேகத்தில் கேட்டவர்கள். அந்த வேகத்தில் இருமல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நான் ஒரு வருடம் முட்டாள்தனமாக ஒவ்வொரு ஒலியையும் இரண்டு மடங்கு நேரம் கேட்டவன்.

ஸ்ரீதர் அங்கேயே நோட்டைத் திறந்து என்னைச் சங்கத்தில் சேர்த்தார். தயாளனையும் சேர்த்தார். அதோடு ஒரு தீர்மானமும் எழுதினார். இனிமேல் எந்தப் புது டேப் வந்தாலும் 'காஞ்சிபுரம் ஸ்பீடில்' கேட்டுச் சொன்ன பிறகுதான் சங்கம் ஏற்றுக்கொள்ளும். அப்படிப் பல வருடம் மெட்ராஸிலிருந்து எங்களுக்குப் பார்சல் வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு போலி டேப்புகளைப் பிடித்தோம். ஒன்றில் நாய் இல்லை, யாரோ தும்மியது காட்டிக்கொடுத்தது. அந்த நாட்களில் நான் தெருவில் நடந்துபோன நடையைப் பார்த்தால் கோயில் யானையே ஒதுங்கியிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் வீட்டிலிருந்து தயாளன் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். வழக்கப்படி என் அம்மா, "ஒரு பாட்டு பாடும்மா" என்றார். கோமளா தலையைக் குனிந்தபடியே, "எந்த ஸ்பீடுல பாடணும்?" என்று கேட்டாள். என் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் தயாளனும் கூடத்திலேயே விழுந்து சிரித்தோம். கல்யாணம் நிச்சயமாயிற்று.

இந்தக் கதையை நான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடிவிடுகிறது என்று பிள்ளைகள் புகார் சொல்கிறார்கள். ஒரு சமயம் வின்சென்ட் என் காலில் விழுந்தார். இன்னொரு சமயம் கடை வாசலில் தெருவே கூடி நின்று கை தட்டியது. கோமளா இன்றைக்கும் குறுக்கே பேசுவதில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள். பிறகு காபியை நீட்டிக்கொண்டே வந்தவர்களைப் பார்த்துச் சொல்வாள்:

"மழை வேற. நாய் அதே நாய்."