ஏழாம் எண் கோழிக்கு முட்டைச் சான்று

அரசாங்கக் கோழி வளர்ப்புத் திட்டத்தில் தையல்காரம்மாவுக்கு மூன்று கோழிகள் கிடைத்தன. மூன்றும் பெட்டைதான் என்று காலில் எண் வளையம் மாட்டி, படிவத்தில் எழுதி, முத்திரை குத்தித்தான் கொடுத்தார்கள். ஏழாம் எண், செவலை. தையல் மிஷின் ஓடும்போது பெடல் பக்கத்தில் வந்து ஒடுங்கி உட்காரும். தையல்காரம்மாவுக்கு அது என்றால் உயிர்.

இரண்டு வருஷம் ஒழுங்காக முட்டையிட்ட செவலை ஒருநாள் நிறுத்திக்கொண்டது. கொண்டை தடித்துச் சிவந்தது. வாலில் இறகு நீண்டு வளைந்தது. ஒரு விடியலில் கூரைமேல் ஏறி, கழுத்தை நீட்டிக் கூவியே விட்டது.

ஆய்வுக்கு வந்த அதிகாரிக்குத் தெருவில் முத்திரை ஐயா என்று பெயர். செவலையை மூன்று முறை சுற்றி வந்தார்.

"கோழி எங்கம்மா?"

"இதுதான்யா."

"இது சேவல். ஆள்மாறாட்டமா? விதிப்படி மூணையும் பறிமுதல் பண்ணி அழிச்சிடணும்."

தையல்காரம்மா செவலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாட்டு டாக்டரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "சார், கோழிக்கு இடது பக்கச் சினைப்பைதான் வேலை செய்யும். இதுக்கு அது கெட்டுப்போச்சு. பெண் ஹார்மோன் குறைஞ்சதும், வலது பக்கம் தூங்கிட்டிருந்தது முழிச்சுக்கிட்டு ஆண் ஹார்மோன் சுரக்குது. மரபணு பழைய மரபணுதான். அதுல எது பேசணும், எது சும்மா இருக்கணுங்கறதுதான் மாறியிருக்கு."

"மேலிடத்து உத்தரவு இல்லாம அந்த மரபணு எப்படிப் பேசலாம்?"

"உள்ளுக்குள்ள ஒவ்வொரு உயிரணுவும் இன்னமும் கோழிதான் சார்."

"உயிரணுவுக்கெல்லாம் படிவத்துல கட்டம் கிடையாது டாக்டர். கோழின்னா முட்டை. பதினஞ்சு நாளுக்குள்ள ஒரு முட்டை சமர்ப்பிக்கட்டும்."

பதினான்கு நாளும் செவலை கூவியது. பதினைந்தாம் நாள் தையல்காரம்மா மளிகைக் கடையில் இரண்டு முட்டை வாங்கிக்கொண்டு போனாள். முத்திரை ஐயா ஆதாரத்தின் மீது முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேசையெல்லாம் மஞ்சள் கரு. இரண்டாவது முட்டையில் பதமாகக் குத்தி, "ஏழாம் எண், கோழியே" என்று சான்று எழுதும்போது, தையல்காரம்மாவின் கக்கத்திலிருந்த செவலை ஆபீஸ் அதிரக் கூவியது.

"பாருங்க, என்னமா கொக்கரிக்குது!" என்றார். எழுத்தர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சேதி பரவியது. திட்டத்தில் பெட்டைக்கு மட்டும்தான் இலவசத் தீவனம். சேவல் வைத்திருந்தவர்களெல்லாம் ஆளுக்கு இரண்டு முட்டையோடு வரிசையில் நின்றார்கள். உடைவதற்கு ஒன்று, சான்றுக்கு ஒன்று.

வருஷக் கடைசிக் கணக்கெடுப்பில் ஊரில் சேவல் பூஜ்யம். "அப்படியானால் நாற்பது குஞ்சுகள் பொரிந்தது எங்ஙனம்?" என்று மேலிடம் ஓலை அனுப்பியது. முத்திரை ஐயா வியர்த்து விறுவிறுத்துத் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, உங்க கோழியைச் சேவல்னு மாத்திக்கலாம். என் வேலையைக் காப்பாத்துங்க. டாக்டர்தான் அன்னிக்கே விளக்கமா சொன்னாரே!"

"அன்னிக்குக் காதை வீட்டுல வெச்சிட்டு வந்திருந்தீங்களா? சரி, மூணும் என்கிட்டயே இருக்கும்னு முதல்ல எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். ஆனாலும் விதி விதிதான். சேவல் என்றால் வாரிசு காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்று வாரிசாக வந்து, மையில் மிதித்துக் கால்ரேகை வைத்துவிட்டுப் போனது.

இப்போது ஊரில் சட்டப்படி ஒரே சேவல், முட்டைச் சான்று வாங்கிய செவலைதான். நாற்பதுக்கும் அதுவே தகப்பன். விடிந்தால் அது மட்டும் கூவும். மற்றச் சேவல்கள் வாயைத் திறந்தால் தீவனம் போய்விடுமே என்று, வீட்டுக்கு வீடு கூடையைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு அமுக்கி வைத்திருக்கிறார்கள்.

முத்திரை ஐயா வீட்டுக் கொல்லையில் மூன்று கூடை.