காயில்காரர் வாங்கிய திட்டு

எங்கள் புதுக்கோட்டைத் தெருவில் உருளையாக எதையும் வெளியே வைக்க முடியாது. வைத்தால் காயில்காரர் தூக்கிப்போய்க் கம்பி சுற்றிக் காயில் ஆக்கிவிடுவார். பூரிக்கட்டை, ஊதுகுழல், என் அண்ணனின் புல்லாங்குழல், ஒன்றும் தப்பவில்லை. பேருக்குச் சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா. மனசெல்லாம் வீட்டில் தானே செய்த ரேடியோவில்.

அவருடைய வேதம் ஒன்றே. குழாய் தடித்தாலும் இண்டக்டன்ஸ் என்கிற காயிலின் சக்தி ஏறும், சுற்று கூடினாலும் ஏறும், சுற்றுகளை நெருக்கினாலும் ஏறும். ஏறினால் ரேடியோ வேறு ஸ்டேஷனுக்கு ஓடிவிடும். கல்யாண வீட்டில் கும்பத்துக்கு நூல் சுற்றிய குருக்களையே மடக்கினார்.

"சாமி, நெருக்காதீங்க! தள்ளித் தள்ளிச் சுத்துங்க. ஸ்டேஷன் மாறிடும்."

"இங்க பொண்ணு மாறாம இருந்தாப் போதும். அங்கிட்டுப் போய் உக்காருங்க!"

எதிர்வீட்டுச் செல்லாயி ஆத்தாவை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது. ஒரே மகன் பட்டாளத்தோடு சிங்கப்பூர் போனவன். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்தபின் ஒரு தகவலும் இல்லை. அங்கே உயிரோடிருப்பவர்களின் பேரைச் சிங்கப்பூர் ரேடியோவில் வாசிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. காயில்காரர் மூங்கில் குழாயில் இடம்விட்டு இடம்விட்டுக் கம்பி சுற்றி, படாதபாடு பட்டு அந்த ஸ்டேஷனைப் பிடித்தார். நாளைச் சாயங்காலம் புதுக்கோட்டைச் சீமை ஆட்களின் பேரை வாசிப்போம் என்று அறிவிப்பும் கேட்டது. ஆத்தா அன்றைக்குச் சோறே தொடவில்லை.

மறுநாள் ஆயுத பூசை. அரிவாள்மணைக்கும் உலக்கைக்கும் பொட்டு வைத்த ஆத்தா நேரே காயில்காரர் வீட்டு ரேடியோவிடம் வந்தாள். பிள்ளை சேதியைக் கொண்டுவரப்போகிற கம்பியாச்சே! பெட்டியைத் திறந்து, கம்பி விலகி விலகிக் கிடக்கிறதே என்று சுற்றுகளை விரலால் அழகாக நெருக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்துக் காயில்காரர் குளிக்கப் போயிருந்தார்.

சாயங்காலம் ஹெட்போனை மாட்டினால் வெறும் இரைச்சல். குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பெட்டியைத் திறந்தார். பக்கத்தில் நின்ற என் கண்ணிலும் அந்தச் சந்தனம் பட்டது. அவர் முகம் செத்துப்போயிற்று. நகத்தால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து ஸ்டேஷனைப் பிடித்தபோது பேர் வாசிப்பு முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எம்புள்ள பேரு வந்துச்சா தம்பி?"

"எங் கணக்குத் தப்பிப்போச்சு ஆத்தா. கம்பியச் சரியாச் சுத்தலை."

அந்தப் பேர்களை அப்புறம் யாரும் வாசிக்கவில்லை. மகனும் வரவில்லை. அந்த ஒரு சாயங்காலம் போனது போனதுதான்! கண்மூடும்வரை ஆத்தா அவரை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டினாள். "கம்பி சுத்தத் தெரியாத பயலே, எம்புள்ள பேரைத் தின்னுட்டியேடா!" அவரும் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா ஆத்தா, ஆமா" என்று வாங்கிக்கொள்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நடந்ததைச் சொல்லித் தொலைங்களேன்!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"சொன்னா, ஆத்தா அப்பறம் யாரத் திட்டும்?" என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் காயில்காரர் என்று கூப்பிட எனக்கு நா எழவில்லை. அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.