கீழ்த் தட்டு மீன்

ஃப்ரீசரின் கீழ்த் தட்டு காலியாக இருந்தது. காலியாக்கியவள் அந்த வீட்டில் வேலைசெய்யும் றோசமலர்தான்.

“ஞாயிறு மத்தியானம் எட்டுப் பேர் வருகினம், றோசா. என்ரை மீனை முழுசா அவிச்சு மேசையிலை வை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார இஞ்சினியர் வேலைக்குப் போய்விட்டார்.

அது ஐம்பத்தெட்டு வயதில் அவர் வாழ்க்கையிலேயே முதன்முதலாகப் பிடித்த மீன். கனடாவின் வடகோடியில், இனுயிற் மக்கள் நடத்தும் மீன்பிடி முகாமில் பத்து நாள் தங்கி, வழிகாட்டியோடு படகில் போய்ப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து இத்தாலியின் பலெர்மோவரை கொண்டுவந்தது.

அந்த வீட்டில் மூன்று வருட வழக்கம் ஒன்று இருந்தது. கீழ்த் தட்டில் இஞ்சினியரின் மனைவி, சிஞ்ஞோரா, எதை வைத்தாலும் அது றோசமலர் வீட்டுக்கு. மேல் தட்டின் நீளம் போதாமல் இஞ்சினியர் மீனைக் கீழே வைத்தது அவளுக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்ப் புளி விட்டுக் குழம்பு வைத்தாள். வாடகை வீட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் சட்டியை வழித்துத் தின்றார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கேட்ட வேலைக் கடிதம் இஞ்சினியருடைய மேசை லாச்சிக்குள் கையெழுத்தில்லாமல் கிடந்தது. “விருந்து முடியட்டும்” என்றிருந்தார். திங்கட்கிழமை அதைக் கொடுக்காவிட்டால் பெர்மெஸ்ஸோ இல்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் இஞ்சினியர் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். பக்கத்தில் முகாம்காரி எலிசாப்பி. அவ சிரிக்கவில்லை. அந்தக் கண்கள் தன்னையே பார்ப்பதாக றோசமலருக்குப் பட்டது. பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தும் இருக்க முடியாமல் நின்றுகொண்டே வுச்சீரியாச் சந்தைக்குப் போனாள்.

“முதுகிலை புள்ளி. வயிறு சிவப்பு. இந்த நீளம்.”

மீன்காரன் சிரித்தான். “சிவப்பு வயிறோ? சிஞ்ஞோரா, நான் விக்கிறது மீன். சேர்ச் ஓவியமில்லை.”

புள்ளி இருந்த வளர்ப்பு மீன் ஒன்றைச் சுற்றித் தந்தான். அதன் வயிறு வெள்ளை.

“பீற்றூட் பூசு” என்றான் அவள் கணவன் பெனடிக்ற். “எங்கடை கலியாணத்துக்கு உன்ரை உதட்டுக்குப் பூசினதுதானே.”

“வாயை மூடிக்கொண்டு பீற்றூட்டைச் சீவுங்கோ.”

பீற்றூட் பூசியதும் மீனுக்குக் கோபம் வந்ததுபோல் இருந்தது. கோபத்தைத் தணிக்க மஞ்சள் தேய்த்தாள்.

“அந்தோனியார் பெருநாளுக்குச் சோடிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு, அக்கா” என்றாள் அடுத்த அறைச் செலஸ்ரீனா.

சனிக்கிழமை காலை அதை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தவில்லை, பின்னால் சிஞ்ஞோரா நின்றா.

“ஏன் சின்னனாய்ப் போச்சு?”

“குளிருக்குச் சுருங்கினது, சிஞ்ஞோரா.”

இத்தாலியனில் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. வேறு யாரோ தன் வாயால் பேசுவதுபோல. தமிழில் என்றால் நாக்கு இடறியிருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் ஒரு பொய்தானோ என்று பிறகு யோசித்தாள்.

சிஞ்ஞோரா அதை நம்பினா. நம்பியதோடு நிற்காமல் விருந்தாளிகளுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னா. அவர்களில் ஒருவர் மீன்களைப் பற்றிப் படிப்பிக்கும் பேராசிரியர். சுருங்குகிற மீனை அளக்க அவர் அளவுநாடாவோடு வருகிறாராம்.

ஞாயிறு காலை பூசையையும் விட்டு வந்தாள். மீனை வெளியே எடுத்து வைத்தாள். பனி உருக, பீற்றூட்டும் மஞ்சளும் வெள்ளைக் கல்லில் வழிந்தன. துடைக்கத் துடைக்கப் பரவியது. துணி சிவந்தது, கை சிவந்தது. படத்தில் எலிசாப்பி முறைத்துக்கொண்டேயிருந்தா.

கதவு திறந்தது. இஞ்சினியர். பல நாள் நித்திரையில்லாத கண்கள். உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்.

“சிஞ்ஞோரே, நான் சொல்லவேணும், அந்த மீன்...”

“சத்தம் போடாதை” என்றார். மீனை அவர் பார்க்கவேயில்லை. படத்தைத்தான் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வேலைக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கையெழுத்து இருந்தது.

“உன்ரை வீட்டிலை எத்தினை பேர்?”

“பன்னிரண்டு.”

“பன்னிரண்டு பேர் காணும். இதை இப்பவே கொண்டுபோய் எல்லாருமாச் சாப்பிடுங்கோ. பூனை இழுத்துக்கொண்டு போட்டுது எண்டு அவவுக்கு நான் சொல்லுறன்.”

“ஏன், சிஞ்ஞோரே?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“முதல் பிடிக்கிற மீனைப் பிடிச்சவன் வைச்சிருக்கக் கூடாது, மற்றவைக்குப் பங்கிட்டுக் குடுக்கவேணும் எண்டு எலிசாப்பி சொல்லச் சொல்ல நான்தான் களவாக் கொண்டுவந்திட்டன், றோசா. அதுதான் அவ படத்திலை என்னை முறைச்சபடி நிக்கிறா.”