கயாக் மண்டோர் எடுத்த படம்

உலகத்திலுள்ள முரட்டு ஆறுகள் அத்தனையிலும் இறங்கிப் பார்த்தவர் எங்கள் கயாக் மண்டோர். நீச்சல் தெரியாது. பாஸ்போர்ட்டும் கிடையாது. எல்லாம் கைப்பேசித் திரையில்தான்.

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவர் குலை வெட்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர். ஆள் நடமாட்டமே இல்லாத மலையாறுகளில் ஒற்றை ஆள் படகோடு வெள்ளைக்காரர்கள் உருண்டு புரளும் படங்கள்மேல் அவருக்கு அப்படியொரு பித்து. அந்தப் படகுக்குக் கயாக் என்று பெயர் என்பதே தோட்டத்துக்கு அவர் சொல்லித்தான் தெரியும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் ஓர் அருவிக் காட்சியாவது காட்டாமல் ஆட்களை வேலைக்கு விடமாட்டார்.

ராசா டவுனில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் சிறுவயதுப் படங்கள் ஓடவேண்டிய பெரிய திரையில் தம் கைப்பேசியை இணைத்துவிட்டார். தாடிக்காரன் ஒருவன் படகோடு அருவியில் தலைகுப்புற விழுந்தான். முன்வரிசைப் பெரியம்மா ஒருவர் நிதானமாகக் கேட்டார்: “இவருதான் மாப்பிள்ளையா லா?”

அதற்கெல்லாம் அசருகிற ஆளா? ஒருநாள் ஆபீசுக்கு வந்து என் மேசைமேல் கையை ஊன்றினார். “கிராணியாரே, தமிழ்ல இந்த மாதிரி படம் ஒண்ணுகூட இல்ல. நாம எடுக்கிறோம். நான் படகு, நீங்க கேமரா.”

போர்ட்டிக்சன் கடற்கரை விடுதி ஒன்று கழித்துப்போட்ட சிவப்புக் கயாக் லாரியில் வந்து இறங்கியது. அடியில் விரிசல், தார் பூசினார். மோட்டார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அவர் மனைவி மரகதம் அக்கா காலி எண்ணெய்ப் போத்தல்களைக் கயிற்றில் கோத்து அவர் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். பார்ப்பதற்கு மாலை மரியாதை மாதிரியே இருந்தது.

தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆறு முழங்காலளவுதான். ஆனால் இரண்டு நாள் மழையில் அன்று கரை தொட்டு ஓடியது. மண்டோர் கேமராவைப் பார்த்துக் கம்பீரமாக ஆரம்பித்தார்: “மனிதக் காலடி படாத இந்த ஆற்றில்...”

பின்னால் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் கையசைத்தார். “மண்டோர், சுடா மாக்கான்?”

சாப்பிட்டாகிவிட்டது என்று மலாயில் பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் காலடி படாத ஆற்றுக்குத் திரும்பினார். ஐந்து முறை எடுத்தோம்.

முதல் வளைவுவரை ராஜா மாதிரிதான் போனார். அங்கே ஒரு செம்பனை மரம் குறுக்கே சாய்ந்து கிடந்தது. கயாக் அதில் மோதிக் கவிழ்ந்தது. அவர் மட்டைகளுக்குள் சிக்கிக்கொண்டார். ஹெல்மெட் மட்டும் மேலே வருவதும் முங்குவதுமாக இருந்தது. “கிராணி” என்ற கூப்பாடு பாதியில் அறுந்தது.

எனக்கும் நீச்சல் தெரியாது. கைப்பேசியைப் புல்லில் போட்டுவிட்டு இடுப்பளவு இறங்கினேன். தண்ணீர் காலை இழுத்தது. அதற்குள் மரகதம் அக்கா குலை வெட்டும் நீளக் கம்போடு ஓடிவந்தார்.

“படம் காட்டினது போதும்! கம்பப் புடிங்க!”

பிடித்தார். அக்காவும் நானும் தூண்டில் பெரியவரும் சேர்ந்து இழுத்தோம். கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கியபின் அவர் கேட்ட முதல் கேள்வி: “கேமரா ஓடுச்சா?”

அக்கா கம்பை ஓங்கினார். அடிக்கவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

கேமரா ஓடியிருந்தது. புல்லில் கிடந்த கைப்பேசி வானத்தை மட்டும் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் சத்தம்தான்: ஆற்றின் இரைச்சல், என் அலறல், அக்காவின் அதட்டல், பிறகு அந்த அழுகை. தோட்ட மண்டபத்தில் அதை வெட்டாமல் ஒட்டாமல் திரையிட்டார் மண்டோர். வெறும் வானத்தைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுகை வந்ததும் சிரிப்பு நின்றது.

மண்டோர் எழுந்து அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: “இனிமே இறங்க மாட்டேன், மரகதம்.”

“சரி, வீட்டுக்கு வாங்க. சோறு ஆறுது” என்றார் அக்கா.

வேலை ஓய்வுக்குப் பிறகு இருவரும் மந்தினில் மகள் வீட்டோடு இருக்கிறார்கள். மழையில் ஆறு ஏறும்போதெல்லாம் நான் பாலத்தில் நின்று கொஞ்சம் படம் பிடித்து அவருக்கு அனுப்புகிறேன். மறுநிமிடமே அழைத்துவிடுவார்.

“தள்ளி நில்லுங்க, கிராணியாரே.”

அதைக் கேட்கத்தான் அனுப்புகிறேன்.