ஒரே வாங்கு

"உதென்ன தம்பி, கோயில் கொடியை அவிட்டுப் பஸ் தரிப்பிடத்துக்குச் சுத்திவிட்டமாதிரிக் கிடக்கு?"

தேவாலயக் குழுத் தலைவர் செல்வத்துரை கேட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். சுவரில் இருந்த செம்மஞ்சள், ஜெயதீபன் வேலைபார்க்கும் விசுக்கோத்துக் கொம்பனியின் நிறம். அதை அவருக்கு யார் விளங்கப்படுத்துவது?

கொம்பனியின் சமூகப் பொறுப்புத் திட்டம் அது. பெயர் 'ஒரே வாங்கு'. கொடிகாமத்துக்கு அப்பால், கோயில்காரரும் தேவாலயக்காரரும் முகம் பார்க்காத சந்தியில் தரிப்பிடம் கட்டி, இரு பகுதியையும் ஒரு வாங்குப் பலகையில் இருத்திப் படமெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர் வருகிறார். படம் பிழைத்தால் ஜெயதீபனுக்கு எங்கோ தூரத்து மொனராகலைக்கு இடமாற்றம்.

எதிரே தேத்தண்ணிக்கடை கனகாம்பிகை இரக்கப்பட்டாள்.

"நீலத்தை அடியுங்கோ தம்பி. வானத்தின்ரை நிறம். ஆர் என்ன சொல்லப்போகினம்?"

நீலம் காயமுன்னே கோயில் தர்மகர்த்தா கதிரவேலு வந்துவிட்டார்.

"மாதா கூடு கட்டிறியள் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே!"

ஜெயதீபன் கடைக்கு ஓடினான். "பச்சை அடிக்கட்டே அக்கா?"

"தேர்தல் வருது, பச்சை கட்சிக்காரற்றை நிறம். பேசாமல் வெள்ளையை அடியுங்கோ. வெள்ளைக்கு ஒருத்தரும் உரித்துக் கேக்காயினம்."

வெள்ளை அடித்துத் தென்னோலைத் தோரணமும் கட்டினான். போகிற பஸ்ஸெல்லாம் மெதுவானது. ஓர் ஓட்டோக்காரர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"ஆர் தம்பி செத்தது?"

அன்று மாலை இரு பகுதியும் தனித்தனியே அறிவித்தன: "செத்தவீட்டுப் பந்தலுக்கை எங்கடை ஆக்கள் குந்தாயினம்."

வெள்ளிக்கிழமை வாங்கு வெறுமையாய்க் கிடந்தது. ஜெயதீபன் மனதுக்குள் மொனராகலைக்கு மூட்டை கட்டினான். தமிழ் தெரியாத பெரியவரோ காரால் இறங்கியதும் நேரே ஆள்சத்தம் கேட்ட தேத்தண்ணிக்கடைக்குள் நுழைந்தார்.

அங்கே ஒரே வாங்கில் நெற்றியில் திருநீற்றோடு கதிரவேலுவும் கழுத்தில் சிலுவையோடு செல்வத்துரையும் தோளோடு தோள் உரச, ஒரு தட்டில் வடை பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொக்குப் பெடியன் அண்ணை!"

"அந்த நீலத்தை நினைச்சாலே எனக்குப் பத்தி எரியுது!"

பெரியவர் பல கோணத்தில் படமெடுத்து, ஜெயதீபனின் முதுகில் தட்டினார்.

ஜெயதீபன் கனகாம்பிகையின் காதருகே குனிந்தான். "அக்கா, உவை எப்ப தொடக்கம் இப்பிடி?"

"நீலம் அடிச்ச நாள் தொடக்கம். உங்களைத் திட்ட ஒருத்தருக்கொருத்தர் துணை தேவைப்பட்டுது."

அடுத்த வடையை எண்ணெயில் போட்டபடி அவள் சொன்னாள்:

"ஒரு பகுதி இருந்தால் மற்றப் பகுதி வாசல் மிதியாத கடையிலை நான் எத்தினை காலம் வடை சுடுறது தம்பி? அதுக்குத்தானே ஒவ்வொரு நிறமாய்ச் சொல்லித் தந்தனான்!"