முதல் எபிசோடைப் பார்க்காத மனிதர்

அந்த மர்மத் தொடர் மொத்தமாக வெளியான மறுநாள், தொழிற்சாலையில் ஒருவரும் தனியாக அலமாரியைத் திறக்கவில்லை.

ஸ்டோர் கீப்பர் ஒரு டப்பா ஆணி எடுக்க இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "முதல் எபிசோடு கடைசி சீன்ல நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டினாங்க. அந்தத் தட்டலுக்கு இன்னொரு தடவை கத்தினேன்" என்றாள் வரவேற்பறைப் பெண். கணக்குப் பிரிவுக்காரர் கௌரவமான மனிதர். "நான் கத்தல. வாய் தானா திறந்துச்சு, சத்தம் தானா வெளியே வந்துச்சு" என்றார்.

எல்லோரையும் கனிவோடு பார்த்தார் பாதுகாப்புப் பயிற்சியாளர். தீப்பிடித்தால் எப்படி வரிசையாக வெளியேறுவது, லிஃப்ட் நின்றால் எப்படி மூச்சு விடுவது என்று ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. வாயைத் திறந்தால் முதல் சொல் 'பதறாதீங்க'. அதுவே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது.

அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்த இடம்தான் தப்பு.

"நீங்க கத்த மாட்டீங்களாக்கும்?" என்றாள் மனைவி.

"என் தொழிலே பதறாம இருக்கறது."

"டோஸ்டர்ல ரொட்டி எகிறினா நாற்காலி மேல ஏறி நிக்கற ஆளு."

"அது எச்சரிக்கை உணர்வு."

மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நிலைக்கண்ணாடியில உங்களைப் பாத்தே ஒரு தடவை கத்தினீங்கப்பா" என்றாள்.

"அன்னிக்குத்தான் மீசை எடுத்திருந்தேன்!"

மனைவி கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள். அவள் துணியை மடித்தால் ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம். "பந்தயம் வச்சுக்கலாமா? ஞாயித்துக்கிழமை மதியம் மூணு பேரும் உக்காந்து பாப்போம். நீங்க சத்தமே போடலன்னா, லீவுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாம். போட்டீங்கன்னா பத்து நாள்."

பத்து நாள்! மச்சான் தன் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுச் சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்திருப்பவர். போன தடவை அதை இவர் உள்ளங்கையில் வைத்து, "எடை பாருங்க மாப்ளே" என்றார். விடியற்காலையில் போர்வையை உருவி ஓடக் கூட்டிப் போவார். ஓடும்போதும் அறுவை சிகிச்சைக் கதைதான்.

"பந்தயம்" என்றார் பயிற்சியாளர்.

இரவெல்லாம் யோசித்தார். தன் மேல் தனக்கு எவ்வளவு நம்பிக்கை? நேர்மையாகக் கேட்டுப் பார்த்தார். நேர்மையான பதில் வந்ததும் கேள்வியை மாற்றினார். முன்கூட்டியே பார்த்துவிட்டால் என்ன? அது ஏமாற்று இல்லையா? தீ ஒத்திகைக்கு முன்னால், 'இன்று மணி அடிப்பேன்' என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தானே அடிக்கிறோம்? அது ஏமாற்றா? ஒத்திகை. இதுவும் ஒத்திகை. மனசாட்சி ஒருவாறு கையெழுத்துப் போட்டது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் முதலுதவி அறையைச் சாத்திக்கொண்டு, செல்போனில் முதல் எபிசோடைப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடம், ஐந்து சிநேகிதர்கள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட தோழி ஒருத்தி காணாமல் போகிறாள். எங்கெங்கோ தேடுகிறார்கள். கடைசியில் ஒருவன் புத்தகம் எடுக்க அலமாரியைத் திறக்கிறான். அவள் விழுகிறாள், பிணமாக.

பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள்.

"ஒத்திகை. பதறாதீங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு, கடைசிக் காட்சியை மறுபடி மறுபடி பார்த்தார். அலறல் முனகலாகி, முனகல் கொட்டாவியாகும்வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். பயிற்சியாளர் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ரிமோட் மகள் கையில். "ஆரம்பத்துல பேருங்கதான் வரும்" என்று அவள் கொஞ்சம் ஓட்டிவிட்டாள்.

படம் ஓடியது. பயிற்சியாளர் நிமிர்ந்தார். பள்ளிப் பேருந்தில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? இங்கே மிச்சமிருந்த நான்கு சிநேகிதர்களும் ஒரு சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். எதற்கு இப்போதே அழுகிறார்கள்?

அவருக்கு வியர்த்தது. இது முதல் எபிசோடு இல்லை. தெரியாமல் இரண்டாவதைப் போட்டுவிட்டார்கள்! சொல்லலாம் என்று வாயெடுத்தார். 'இது இரண்டாவதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?' அந்த ஒரு கேள்வி போதும், பத்து நாள். வாயை மூடிக்கொண்டார்.

"என்னங்க, ஏதாவது சொல்லணுமா?" என்றாள் மனைவி.

"இல்லையே. நல்லா இருக்கு. ஆரம்பமே நல்லா இருக்கு."

"வேர்க்குது உங்களுக்கு."

"திரைச்சீலை மூடியிருக்குல்ல."

திரையில் அழைப்பு மணி அடித்தது. அழுதுகொண்டிருந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் மஞ்சள் மழைக்கோட்டு. தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, "என்னைத் தேடினீங்களாமே?" என்றாள் அவள்.

"ஐயையோ! இவ செத்துப்போயிட்டாளே!"

பயிற்சியாளர் சோபாவின் முதுகுப்பக்கத்தில் இருந்தார். எப்படி அங்கே போனார் என்று அவருக்கே தெரியாது.

மகள் படத்தை நிறுத்தினாள்.

"யாருங்க செத்தது?" என்றாள் மனைவி, மிகவும் மெதுவாக. "நாம இப்பதானே பாக்க ஆரம்பிச்சோம்?"

பயிற்சியாளர் சோபாவுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டார்.

"நீங்க போன்ல முதல் எபிசோடைப் பாத்து முடிச்சதா டிவியே காட்டுதுப்பா, உங்க பேருக்குக் கீழயே. ஒரே அக்கவுண்ட்டுதானே? அதான் ரெண்டாவதைப் போட்டேன்" என்றாள் மகள்.

பயிற்சியாளர் மெல்ல எழுந்தார். திடீரென்று ஒரு சட்ட நுணுக்கம் தோன்றியது. "இரு, இரு. அவ உள்ள வந்தப்போ நீ இமைகூடக் கொட்டலையே. எப்படி?"

"நான் புதன்கிழமையே எட்டு எபிசோடையும் பாத்துட்டேன்."

"அப்ப நீயும் திருட்டுத்தனம் பண்ணியிருக்கே! பந்தயம் செல்லாது!"

"நான் கத்துவேனான்னா பந்தயம் கட்டினோம்? நீங்க கத்துவீங்களான்னுதானே?"

பயிற்சியாளர் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கமும் வெளியேறும் வழி இல்லை. தோற்றது கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. வேறொன்று உள்ளே குடைந்தது.

"சரி. அலமாரியிலேருந்து விழுந்தது அப்ப யாரு?"

"பாத்தாத்தான் தெரியும்."

"போடு, பாக்கலாம்."

"பாஸ்வேர்டை மாத்தியாச்சுப்பா" என்று டிவியை அணைத்தாள் மகள்.

"மிச்சத்தை அண்ணன் வீட்டுல பாத்துக்கலாம்" என்று மனைவி எழுந்து திரைச்சீலையை விலக்கினாள். "அடுத்த சனிக்கிழமைதானே கிளம்பறோம்."

பயிற்சியாளர் அணைந்துபோன திரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நாளைக்கே கிளம்பினா மச்சானுக்கு ஏதாவது தொந்தரவா இருக்குமா?"