முகிலக்கா கழற்றிய விளம்பரப் பலகை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில், ஊர்காவற்துறையிலிருந்து அனலைதீவு வரை முகிலக்காவிடம் ஏச்சு வாங்காத கணினி ஒன்றும் இல்லை. அதை வாங்கிய மனிதர்களும் தப்பியதில்லை. பெரிய மெஷின் கேட்டு வந்த ஒரு மளிகைக் கடைக்காரரை, "உமக்குக் கல்குலேற்றர் காணும், போம்" என்று திருப்பி அனுப்பியவர். அப்போது நான் அவருடைய கணினிக் கடையில் வேலை பார்த்தேன்.

கணக்குகளை நம் மெஷினில் வைக்காமல், இணைய லைன் வழியே எங்கோ இருக்கும் பெரிய மெஷின்களில் வைத்து மாத வாடகை கட்டுவதைக் 'கிளவுட்' என்று எங்கள் கடைக்கு ஏஜென்சி தந்திருந்த கொழும்புக் கம்பனி சொல்லித் தந்தது. அக்கா அதை 'முகில்' என்றே விற்றார். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

கம்பனி யாழ்ப்பாணத்து ஹோட்டலில் விற்பனையாளர் கூட்டம் வைத்தது. இனி மெஷின் விற்கக் கூடாது, எல்லோரையும் முகிலில் ஏற்றவேண்டும் என்றார் மனேஜர். சாப்பாடு நன்றாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் எழும்பினார்.

"அனலைதீவில லைன் அறுந்தா மீனவர் சங்கம் என்னெண்டு பில் போடுறது?"

"அக்கா, காலத்தோட போகவேணும்" என்றார் மனேஜர்.

"நான் போறன் தம்பி. லைன்தான் வருகுதில்லை."

அடுத்த கிழமை ஒரு சின்ன மெஷினைச் சீலையால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அக்கா அனலைதீவுக்குப் படகேறினார். குடை மெஷினுக்கு, நான் நனைந்தேன். லைன் இல்லாதபோது சங்கத்தின் பில்லெல்லாம் அதில் தங்கும். லைன் வந்ததும் தானாக முகிலுக்குப் போகும். பழுதானால் அக்கா கடல் தாண்டி வருவார். அவருடைய வியாபாரத் திட்டம் அவ்வளவுதான்.

"ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ அக்கா" என்றார் சங்கச் செயலாளர்.

"ஏலாதெண்டு சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் கலியாணமே கட்டியிருக்க மாட்டன்."

செய்தி கொழும்புக்குப் போனது. மனேஜர் போன் எடுத்தார். "அந்த மெஷினைக் கழட்டுங்கோ. இல்லாட்டி ஏஜென்சியை எடுத்துப்போடுவம்."

"நீர் மினக்கெட வேண்டாம்."

அக்கா ஏணியில் ஏறி, கடை முகப்பில் இருந்த கம்பனியின் விளம்பரப் பலகையைத் தன் கையாலேயே கழற்றி, கொழும்பு பஸ்ஸில் பார்சலாக அனுப்பிவைத்தார்.

பிறகு கடையில் ஈ கூட உட்கார யோசித்தது. நான் வேலையை விடப்போவதாகச் சொன்னேன். "போம். நாளைக்கு எழுவைதீவு வேலை இருக்கு, அதை முடிச்சுப்போட்டுப் போம்" என்றார். அதை முடித்தால் அடுத்த நாளைக்கும் ஒரு பழுது வேலை இருந்தது. ஒரு சிறிய கம்பனி அவர் கேட்டபடி, சின்ன மெஷினோடு சேர்த்து முகில் தரச் சம்மதித்தது. அனலைதீவைப் பார்த்து மற்றச் சங்கங்களும் வந்தன.

கடைசியில் பழைய மனேஜரே கடைக்கு வந்தார். மற்றத் தீவுகளில் தங்கள் வாடிக்கையாளர்கள் கழன்றுபோகிறார்கள், திரும்பச் சேரலாமா என்று கேட்டார். அக்கா கதிரை போட்டு, பால் விடாத பிளேன்ரீ கொடுத்து, அவர் களைப்பு ஆறும்வரை பொறுத்திருந்து, "வேண்டாம் தம்பி" என்றார்.

இப்போது நான் யாழ்ப்பாணத்தில் வேறு வேலை செய்கிறேன். காற்றுப் பலமான நாட்களில் போன் எடுத்து, "இண்டைக்கும் படகேறிட்டீங்களோ அக்கா?" என்று கேட்பேன். "உமக்கு வேற வேலை இல்லையோ?" என்று ஏசுவார். அந்த ஏச்சு காதில் விழுந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.